ஆரம்பத்திலேயே சாவு... ‘எல்டன் ரிங்’ கேமில் புதியவர்கள் திணறுவது ஏன்?

கேரக்டரை உருவாக்கி வெளியே வந்தால், உடம்பெல்லாம் கைகள் ஒட்டிய ஒரு பூதம் நிற்கிறது. முதல்முறை ஆடும் பலரும் அங்கேயே காலி. பயப்பட வேண்டாம், செத்தாலும் கதை நகரும்.

2022 பிப்ரவரி 25-ல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட கேம் இது. இயக்கம் ஹிடெடாகா மியாசாகி. இந்த உலகின் பழங்கதையை எழுதியவர், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்.

அடுத்து வருவது லிம்கிரேவ் புல்வெளி. தங்கக் கவசத்தோடு குதிரையில் ரோந்து வரும் வீரனிடம் வம்பிழுத்துதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஈஸி மோட் கிடையாது. லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் சேர்த்த ‘ரூன்’கள், செத்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு!

ஆனால், அந்த வீரனை இப்பவே வீழ்த்தணும்னு கட்டாயமே இல்லை. சுற்றிக்கொண்டு போகலாம். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். கோட்டைக்குப் போகும் வழியில் மார்கிட் அடித்து விரட்டினாலும் அப்படித்தான்: தெற்கே வீப்பிங் தீபகற்பத்தில் லெவல் ஏற்றிவிட்டு, தெம்பாகத் திரும்பலாம். டோரன்ட் என்ற மாயக்குதிரை கிடைத்துவிட்டால் தப்பி ஓடுவதும் சுலபம். அதுவரைக்கும், காசு வீண்னு அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க.