ரூசின் மொழி நூல்களும் நூலகப் பட்டியலும்

ஒரு நூல் எம்மொழியில் உள்ளது எனக் குறிப்பது பட்டியலாளருக்கு எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் தனியரசு இல்லாத மக்களின் நூல்களைப் பொறுத்தவரை, அக்குறிப்பே அவர்தம் இருப்பை ஏற்பதாகவோ மறுப்பதாகவோ அமைந்துவிடுகிறது. இதற்கு ரூசின் மொழியை நாம் சான்றாகக் கொள்ளலாம்.

ரூசினியர் கார்பாத்திய மலைப்பகுதியில், இன்றைய சுலோவாக்கியா, உக்ரைன், போலந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்துவரும் கிழக்கு ஸ்லாவிய இனத்தார். இவர்களுள் மிகுதியானோர் கிரேக்கக் கத்தோலிக்கராகவோ ஆர்த்தடாக்ஸ் சபையினராகவோ உள்ளனர். 1945க்குப் பின் சோவியத் ஆட்சி தன் எல்லைக்குட்பட்ட ரூசினியரை உக்ரைனியர் என்றே பதிவுசெய்தது. செக்கோஸ்லோவாக்கியாவும் அவ்வழியே சென்றது. 1995 ஜனவரி 27ஆம் நாள் பிராட்டிஸ்லாவாவில்தான் சுலோவாக்கியா வாழ் ரூசினியரின் எழுத்துமொழி முறையாக அறிவிக்கப்பட்டது. எனவே, பழைய பட்டியல்களில் இந்நூல்களை உக்ரைனியம், ருஷ்யம், ருத்தேனியம் ஆகிய தலைப்புகளின்கீழும் தேடவேண்டியுள்ளது. இவற்றுள் ருத்தேனியம் என்பது பழைய லித்துவேனியப் பெருங்கோமகத்தின் ஆட்சி எழுத்துமொழிக்கும் வழங்கும் பெயராதலால் மயக்கம் மேலும் பெருகுகிறது.

இனி, மொழியை அறியும் வழி யாது? ஆசிரியரின் இனத்தைக்கொண்டு மட்டும் முடிவுசெய்தல் கூடாது. குருவானவரான அலெக்சாந்தர் துக்னோவிச் (1803-1865) 1847இல் வெளியிட்ட அரிச்சுவடி மக்களின் பேச்சுமொழியைத் தழுவியது. அவரே 1851இல் வெளியிட்ட மன்றாட்டு நூலோ திருச்சபை ஸ்லாவோனியத்தைச் சார்ந்தது. ஆகவே நூலைத் திறந்து எழுத்தை நோக்குதல் வேண்டும். ருஷ்ய மொழியில் உள்ளதும் உக்ரைனிய நெடுங்கணக்கில் இல்லாததுமான ஓர் உயிரெழுத்து கார்பாத்திய ரூசினில் உண்டு. இஃது ஒன்றே போதிய சான்றன்று. சொல்லையும் இலக்கணத்தையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

செர்பியாவின் வொய்வோதினாவில் குடியேறிய ரூசினியரின் எழுத்துமொழி இதனின்று வேறானது. காவ்ரியில் கோஸ்தெல்னிக் 1904இல் கவிதை நூலாலும் 1923இல் இலக்கணத்தாலும் அதற்கு அடித்தளமிட்டார். கார்பாத்திய ரூசினுக்கு ஏற்கெனவே குறியீடு அளித்திருந்த ஐ.எஸ்.ஓ. 639-3 என்னும் பன்னாட்டு மொழிக்குறியீட்டு முறை, 2022இல் இதற்கும் தனிக்குறியீடு வழங்கியது. தனிக்குறியீடு இல்லாத முறையைக் கையாளும் நூலகம், மொழியின் பெயரைக் குறிப்புப் பகுதியில் தெளிவாக எழுதுவதே தகும்.

ரூசின் தனிமொழியா, உக்ரைனியத்தின் கிளைமொழியா என்னும் வழக்கு இன்றும் அறிஞரிடையே உள்ளது. அவ்வழக்கைத் தீர்ப்பது பட்டியலாளரின் பணியன்று. நூல் தன் மொழிக்குத் தானே இட்டுக்கொண்ட பெயரை முதலாகப் பதித்து, பிற பெயர்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் குறிப்புகளை அமைப்பதே அவர் கடமை. அங்ஙனம் செய்யாவிடில், தம் முன்னோர் கையாண்ட மன்றாட்டு நூலைத் தேடிவரும் ரூசினியர், அஃது அலமாரியிலேயே இருந்தும் வெறுங்கையராய்த் திரும்ப நேரிடும்.