ஒரே பந்தியில் உண்ட படை

தோட்டத் தொழிலாளிக்கும் போர்க்களத்துக்கும் என்ன தொடர்பு என்று ராகலையில் வளரும் நம் இளைஞர் வினவக்கூடும். நியாயமான வினாவே. 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை, 1949இல் கலைக்கப்படும் வரை வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. கொழுந்து பறித்தவர்க்கு அதில் இடமில்லை. ஆயினும், நம் முன்னோரைப் போலவே தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர் ஒரு படையில் நின்றனர். அதுவே நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவம்.

அவர்கள் யாவரும் நாட்டுப்பற்று ஒன்றினாலேயே அதிற் சேர்ந்தனர் என்பது முழு உண்மையன்று. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் தோட்டங்களில் வேலை குன்றியது, அரிசி அருகியது. தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர்களுட் பெருந்தொகையினர் மாண்டனர். படையிற் சேர்ந்தால் உணவு கிடைக்கும், சயாமுக்குச் செல்ல வேண்டியதில்லை என்று எண்ணி வந்தோர் உண்டு. மானம் உந்த வந்தோரும் உண்டு. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது, 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவ்வாண்டே காப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை தோன்ற, பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். முகாமில் சாதி, மதம் பாராது எல்லோரும் ஒரே பந்தியில் உண்டனர். பெரட்டுக் களத்தில் தலை எண்ணப்பட்டவன், இங்கே அணிவகுப்பில் நிமிர்ந்து நின்றான். சோற்றுக்காக வந்தவனும் நாளடைவில் தோழனுக்காக நடக்கலானான். 1944இல் இம்பால் போர் தோல்வியுற்று, பசியோடும் மலேரியாவோடும் பர்மாக் காடுகளில் பின்வாங்கியபோது, அத்தோழமையே பலருக்குக் கைத்தடியாயிற்று.

போர் முடிந்தது, படை கலைந்தது. சுதந்திர இந்தியா அவ்வீரர்களைத் தன் இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. எனினும் முகாமிற் கற்ற பாடம் வீண்போகவில்லை. நேதாஜியின் இயக்கத்தில் உழைத்த ஜான் திவி, 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரானார். ஜான்சி ராணிப் படையின் ஜானகி அக்கட்சியின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். இலங்கைத் தமிழ் வழிவந்த ராசம்மா, அப்படையிற் சேர்ந்தபோது பதினாறு வயதுச் சிறுமி. பின்னர் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைத்துச் சம ஊதியத்துக்காகப் போராடினார்.

படைக்கு ஒருவர் எக்காரணத்தால் வந்தார் என்று அளந்து பார்த்து, பசியால் வந்தவரைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. வந்தபின் அவர் யாருக்குத் தோள் கொடுத்தார் என்பதே கேட்கத்தக்கது. லயத்து வாழ்வை அறிந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. பெயர் பதியப்படாத அத்தோட்டத்து வீரரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடன்.