30 கி.மீ. உயரத்துக்கு கேமரா பலூன்: அனுப்புவது எளிது, திரும்பப் பெறுவது எப்படி?

ஆரியசாலை (திருவனந்தபுரம்): தெர்மோகோல் பெட்டி, நைலான் கயிறு, ஒட்டுநாடா, பழைய கைபேசி. பூமியின் வளைவை வானிலிருந்து படம்பிடிக்கும் கேமரா பலூனுக்குத் தேவையான பொருள்களில் பல, ஆரியசாலையை ஒட்டிய சாலை பஜாரிலேயே கிடைத்துவிடக்கூடியவை. ஆனால், இங்கிருந்தே அந்த பலூனைப் பறக்கவிட்டால் படங்கள் கைக்கு வந்து சேருமா என்பது வேறு கேள்வி.

இத்தகைய முயற்சிக்குப் பெரும் ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 2009 செப்டம்பரில் காட்டினர். சாதாரண டிஜிட்டல் கேமரா, ஜி.பி.எஸ். வசதியுள்ள கைபேசி, வானிலை பலூன் ஆகியவற்றைக் கொண்டு சுமார் 150 டாலர் செலவில் 93,000 அடி உயரத்திலிருந்து படங்களை எடுத்தனர்.

பலூன் இயங்கும் முறை எளிமையானது. ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். தரையில் 2 மீட்டர் விட்டமுள்ள லேடக்ஸ் பலூன், மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் விரிந்துகொண்டே போகும். 30 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அங்கு பலூனின் விட்டம் சுமார் நான்கு மடங்காகி, இறுதியில் வெடிக்கும். பின்னர் பாராசூட் விரிந்து பெட்டி கீழிறங்கும். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால், உச்சியை அடைய 100 நிமிடங்கள் ஆகும். ஹைட்ரஜன் மலிவானது என்றாலும் எளிதில் தீப்பற்றுவதால், அனுபவமற்றவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

வழியில் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது குளிர். வெப்பமண்டலப் பகுதிகளில் சுமார் 17 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அந்தக் குளிரில் சாதாரண பேட்டரி செயலிழந்துவிடும். தெர்மோகோல் பெட்டி அதற்காகத்தான். இரண்டாவது, ஜி.பி.எஸ். கருவி. ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக, பல கருவிகள் 18 கி.மீ. உயரத்துக்கு மேல் இருப்பிடத்தைக் காட்டுவதை நிறுத்திவிடும். கைபேசி கோபுரங்களின் சிக்னலும் அந்த உயரத்தில் கிடைக்காது. எனவே பலர் அமெச்சூர் வானொலியைப் பயன்படுத்துகின்றனர். அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் உண்மையான சிக்கல் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ‘கீழைத் தாரைக்காற்று’ வீசுகிறது. அதன் வேகம் பல நாள்களில் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். 12 கி.மீ.யிலிருந்து 17 கி.மீ. வரையிலான அடுக்கைக் கடக்க பலூனுக்குச் சுமார் 17 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் பலூன் 28 கி.மீ. மேற்கே தள்ளப்பட்டிருக்கும். ஆரியசாலையிலிருந்து கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவுதான். கீழடுக்கில் வீசும் பருவக்காற்று பலூனைச் சற்றுக் கிழக்கே தள்ளினாலும், பெட்டி அரபிக்கடலில் விழும் வாய்ப்பே அதிகம்.

இந்த நகரின் வடபுறத்தில் உள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது கடல் ஒரு வசதியாக இருந்தது. எரிந்து முடிந்த பாகங்கள் அதில் விழலாம். படங்களைச் சுமந்து திரும்ப வேண்டிய பலூனுக்கு அதே கடல்தான் எதிரி. காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, தரையிறங்கும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்ட பிறகே நாளையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். பருவமழை மாதங்களைத் தவிர்த்து, மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள திறந்தவெளியைத் தேர்வது அறிவுடைமை.

நகரை ஒட்டியே விமான நிலையம் இருப்பதால், அனுமதி வெறும் சடங்கு அல்ல. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதியும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் ஒப்புதலும் பெறாமல் பலூனை ஏவக்கூடாது. சர்வதேச விதிகளின்படி 4 கிலோவுக்குக் குறைவான சுமை ‘இலகு’ வகையைச் சேர்ந்தது. ஆனால் விமான இயந்திரத்துக்குள் புகுந்தால் ஒரு கிலோவும் ஆபத்தே.

முறையாகச் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று ராமேசுவரத்தில், மாணவர்கள் உருவாக்கிய 100 சிறிய செயற்கைக்கோள்கள் பலூன்கள் மூலம் வானில் ஏவப்பட்டன. விடுதலையின் 75ஆம் ஆண்டு நிறைவையொட்டி, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு, பலூன் மூலம் ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் தேசியக் கொடியை விரித்தது.

ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு பலூன்களை ஏவும் காலங்களில், வயல்களில் விழும் கருவிகளைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்குமாறு சுற்றுவட்டார மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது. கேமரா பலூன் அனுப்புவோரும் பெட்டியின் மீது “இது மாணவர் ஆய்வுக் கருவி, ஆபத்தில்லை” என்ற வாசகத்தையும் தொடர்பு எண்ணையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுவது நல்லது. பெட்டி எல்லையின் எந்தப் பக்கம் விழும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.