பால்மாவும் குரக்கனும்: லக்ரோஸ் செரியாமை பற்றிய ஒரு நோக்கு

பால் யாவர்க்கும் ஏற்ற நிறையுணவு என்பது பாடநூல்களும் விளம்பரங்களும் நம்மிடையே நிலைநிறுத்தியுள்ள கருத்தாகும். உடலியல் உண்மை வேறானது. பாலிலுள்ள லக்ரோஸ் என்னும் வெல்லத்தைப் பகுக்கும் லக்ரேஸ் நொதியம், குழந்தைப் பருவத்தின் பின்னர் பெரும்பாலானோரிடத்துக் குறைந்துவிடுகின்றது. பகுக்கப்படாத வெல்லம் பெருங்குடலிலே பற்றீரியாக்களால் நொதிக்கப்பட, வயிற்றுப் பொருமலும் வயிற்றோட்டமும் ஏற்படலாம். உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், வளர்ந்தபின் லக்ரோசை முழுமையாகச் செரிக்க இயலாதவர்களே.

கால்நடை வளர்ப்பை வாழ்க்கையின் ஆதாரமாகக் கொண்ட வட ஐரோப்பிய, ஆபிரிக்க, மேற்காசிய மக்கள் சிலரிடையே, பல்லாயிரம் ஆண்டுக் காலத்திற் பரவிய மரபணு மாற்றங்களே வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றலைத் தந்தன. அத்தகைய மாற்றமொன்று 2002இல் பின்லாந்துக் குடும்பங்களிடையே இனங்காணப்பட்டது. உற்பத்திமுறை மனித உடலையும் மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆயின் மேலைத்தேய மருத்துவம் சிறுபான்மையினரின் உடலை அளவுகோலாகக் கொண்டு, பெரும்பான்மையினரின் இயல்பைக் ‘குறைபாடு’ என அழைத்தது. 1960களின் நடுப்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளே இவ்வளவுகோலை ஐயத்துக்குள்ளாக்கின.

இனி உணவுத் தெரிவை நோக்குவோம். பாலை முற்றாக விலக்கவேண்டிய தேவை பலருக்கு இல்லை. ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 12 கிராம் லக்ரோஸ் உண்டு. அவ்வளவையும் உணவோடு சேர்த்துப் பருகுமிடத்துப் பலர் தாங்கிக்கொள்வர். தயிரில் லக்ரோசின் ஒரு பகுதியைப் பற்றீரியாக்களே பகுத்துவிடுவதால், மட்டக்களப்பின் எருமைத் தயிர் பாலினும் எளிதிற் செரிக்கும். நெடுநாள் முதிர்ந்த பாற்கட்டியிலும் நெய்யிலும் லக்ரோஸ் மிகச் சொற்பமே. மாறாக, விசுக்கோத்து, பாண், இனிப்புப் பண்டங்கள் முதலியவற்றில் பால்மா மறைந்திருத்தல் கூடும். பொதியின் மேலுள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும். பாற்புரத ஒவ்வாமை இதனின்றும் வேறானது. அஃதுடையோர்க்குத் தயிரும் ஆகாது.

பாலைக் குறைப்போர் கல்சியத்தை வேறிடத்துப் பெறவேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள், முருங்கையிலை ஆகியன நம்மிடம் உள்ளன. நூறு கிராம் பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதேயளவு குரக்கனிலோ ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. குரக்கனின் கல்சியத்தை உடல் உறிஞ்சும் வீதம் குறைவெனினும் அதன் பயன் புறக்கணிக்கத்தக்கதன்று. தேங்காய்ப்பாலில் லக்ரோஸ் இல்லை. எனினும் கல்சியத்துக்கு அதனை நம்புதல் தவறு.

ஆயினும் தெரிவு என்பது வாய்ப்புள்ளோர்க்கே உரியது. லக்ரோஸ் நீக்கிய பால் விலை கூடியது. குரக்கனோ ஏழைகளின் உணவென இழித்துரைக்கப்பட்டு வந்துள்ளது. பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகும் பால்மாவிலே நாம் எவ்வளவு தங்கியிருந்தோம் என்பதை, 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் அக்காலத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உணர்த்தின. பலரது உடல் முழுமையாக ஏற்காத ஒன்றுக்காக வரிசையில் நின்ற நாம், நமது கடலும் புன்செய் நிலமும் தருவனவற்றை மறந்திருந்தோம். எனவே, செரியாமைக்குரிய உணவு ஆலோசனை தனிமனிதரின் வயிற்றோடு முடிந்துவிடலாகாது. நெத்தலியின் விலை, குரக்கன் பயிர்ச்செய்கை, பாடசாலை உணவுத் திட்டங்கள் என்பனவும் அதன் எல்லைக்குள் அடங்குவனவேயாம்.