23 நிமிடத்தில் அழிந்தது... மீட்க 2 வாரம்!

ஒரு பெரிய கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர் மூலம் பல போர்ஷன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி கம்ப்யூட்டராகப் பயன்படுத்துவதுதான் 'விர்ச்சுவல் மெஷின்'. வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பலர் மறந்துவிடுவார்கள். ஆனால் அமேசான் கிளவுடில், நிறுத்திவைத்த மெஷினின் டிஸ்க்குக்கும் மாதாமாதம் பில் வரும். ஆள் காலி செய்த போர்ஷனுக்கு வாடகை கட்டுவது மாதிரி!

நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக அழிப்பது பெரும்பாடு. பட்டியலைக் கொடுத்தால் தானாக அழிக்கும் 'ஸ்கிரிப்ட்' எழுதுவார்கள். வம்பே அந்தப் பட்டியலில்தான்.

ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் இப்படியொரு துப்புரவில்தான் மாட்டியது. வாடிக்கையாளர்களின் தளங்களில் இருந்த பழைய ஆப் ஒன்றை நீக்க, 2022 ஏப்ரல் 5 அன்று ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டார்கள். பட்டியலில் ஆப்பின் அடையாள எண்ணுக்குப் பதில் தளத்தின் எண் இருந்தது. ஸ்கிரிப்ட் மறுகேள்வி கேட்கவில்லை. 23 நிமிடத்தில் 883 தளங்கள் காலி. 775 வாடிக்கையாளர்கள் தவித்தனர். ஸ்கிரிப்ட்டைச் சக ஊழியர்கள் சரிபார்த்திருந்தார்கள். எண்களை யாரும் பார்க்கவில்லை! பேக்கப் இருந்தும் எல்லாம் திரும்ப ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

விவரமானவர்கள் முதலில் எதையும் அழிக்காமல், அழியப்போகும் பெயர்களை மட்டும் ஸ்கிரிப்ட்டைக் காட்டச் சொல்வார்கள். பிறகு மெஷினை நிறுத்திவைத்துச் சில வாரம் காத்திருப்பார்கள். இதற்கு 'ஸ்க்ரீம் டெஸ்ட்' என்று பெயர். யாராவது 'ஐயோ, என் மெஷின் எங்கே?' என்று அலறினால், உடனே ஆன் செய்துவிடலாம். ஐபோனில் அழித்த போட்டோ 30 நாள் தனியாகக் கிடக்கிறதே... கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.