பனியனும் திருத்தச் சீட்டும்

காசு கொடுத்து வாங்கிய புளூ-ரே வட்டுகளை வன்தட்டுக்கு மாற்ற முனைந்தால் ஒரே படத்துக்கு நான்கைந்து ஒலித்தடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்றும், அவற்றுள் எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்று விளங்கவில்லை என்றும் காந்திபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எண் பெரிதாக உள்ளதே சிறந்தது என்பது விளம்பரங்கள் பழக்கிவைத்த விடை. அது அரைகுறை விடை.

நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்ற அளவில் 5.1 ஒலியின் ஆறு சேனல்களையும் சுருக்காமல் எழுதினால், இரண்டரை மணி நேரப் படத்தின் ஒலி மட்டும் ஏறத்தாழ 7.8 ஜிகாபைட்டை விழுங்கும். பலத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லொலிகளைக் காது கவனிப்பதில்லை என்ற துணிவில் அவற்றை விட்டுவிடும் டால்பி டிஜிட்டல், அதே படத்தின் ஒலியை நொடிக்கு 640 கிலோபிட் வீதத்தில் 720 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. இதற்கு எதிர்முனையில் நிற்பது, ஒரு பிட்டும் குறையாமல் மூல ஒலியை மீட்டுத்தரும் இழப்பில்லாச் சுருக்கம்.

இவ்விரண்டையும் ஒரே தடத்துக்குள் வைத்துத் தைத்திருக்கும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவின் உத்திதான் அழகு. முதலில் இழப்புள்ள சாதாரண டிடிஎஸ் ஒன்று கருவாக உருவாக்கப்படுகிறது. அந்தக் கருவை விரித்து, கிடைப்பதை மூல ஒலியிலிருந்து கழித்தால் எஞ்சுபவை பெரும்பாலும் சிறு எண்கள் என்பதாலும், சிறு எண்களைச் சில பிட்டுகளிலேயே எழுதிவிடலாம் என்பதாலும், அந்த எச்சம் தனியே சுருக்கப்பட்டுக் கருவோடு இணைக்கப்படுகிறது. திருப்பூர்ப் பனியன் ஒன்றோடு, அது உடுத்துபவரின் உடலளவிலிருந்து எங்கெங்கே எத்தனை நூல் விலகுகிறது என்று எழுதிய திருத்தச் சீட்டையும் மடித்து வைப்பது போன்றது இது: சீட்டைப் படிக்கத் தெரியாத பழைய ரிசீவர் பனியனை அப்படியே போட்டுக்கொள்ளும், தெரிந்தது அச்சொட்டாகத் தைத்துக்கொள்ளும். 7.1 தடமாக இருந்தால், மிகுதியான இரண்டு சேனல்களாகிய கைகளையும் உடற்பகுதிக்குள்ளேயே மடித்துத் தைத்துவிட்டு, எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். நான்கு கைப் பனியனை எந்தக் கட்டிங் மாஸ்டரும் ஏற்கமாட்டார்தான்; ஆனால் இந்த ஏற்பாட்டில் சுருக்குபவர், விரிப்பவர் ஆகிய இரண்டு தையற்காரர்களும் ஒரே கணக்கில் வெட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை உண்மையானது, ஏனெனில் கருவை விரிக்கும் கணக்கு ஒரு பிட் பிசகினாலும் எச்சத்தைக் கூட்டி மூலத்தை அடைய முடியாது.

டால்பி ட்ரூஎச்டியில் இத்தகைய கரு இல்லை. பழைய கருவிகளுக்காக முழுமையான டால்பி டிஜிட்டல் தடம் ஒன்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டிடிஎஸ்-எச்டியை மட்டும் வைத்துக்கொண்டவர் கருவைப் பின்னொரு நாளிலும் பிரித்தெடுக்கலாம். ட்ரூஎச்டியை மட்டும் வைத்துக்கொண்டவரின் பழைய சவுண்ட்பார் வாய் திறக்காமல் போகலாம். அட்மாஸ் குறிப்புகள் ட்ரூஎச்டிக்குள் பொதிந்திருப்பதால், இடம் மிச்சம் என்று அதனை இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் ஒலி பிழைக்கும், ஒலி எந்தத் திசையில் எந்த உயரத்தில் நகர வேண்டும் என்ற குறிப்பு தொலையும்.

வரலாறு வேண்டுவோர்க்கு: 1995இல் குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோவிலும், 1996இல் கருப்பு ரோஜா டிடிஎஸ்ஸிலும், 2012 டிசம்பரில் சிவாஜியின் முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸிலும் வந்தன. திரையரங்க டிடிஎஸ்ஸின் ஒலி படச்சுருளில் இல்லாமல் தனிக் குறுவட்டில் இருந்தது என்பதும், சுருளில் நேரக்குறி மட்டுமே ஓடியது என்பதும் சீட்டு வைக்கும் பழக்கம் டிடிஎஸ் நிறுவனத்துக்குப் புதிதல்ல என்று காட்டும்.

கூடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டுமே உள்ளவர் அட்மாஸுக்காக வன்தட்டை நிரப்புவதால் யாருக்கும் பயனில்லை. அதைவிடக் கவனம் வேண்டியது பழைய படங்களில்: ஒற்றைத்தட ஒலியோடு உருவான படத்தின் அட்டையில் 5.1 என்று பொறித்திருந்தால், பின்னாலிருந்து வரும் மழையும் குதிரைக் குளம்பும் பிற்காலத்தில் யாரோ பிரித்தோ சேர்த்தோ வைத்தவை. அத்தகைய வட்டில் மூல ஒற்றைத்தடமும் இருந்தால் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதுவே. இரண்டரை மணி நேரப் படத்துக்கு, நொடிக்கு 192 கிலோபிட் வீதத்தில் அது அடைக்கும் இடம் 216 மெகாபைட்.