அகதி, ஏதிலி, குடியேறி: சொல்லும் சட்டமும்

'அகதி' வடமொழிவழி வந்த சொல். புகலற்றவர் என்பது அதன் பொருள். இன்றைய 'ஏதிலி', அயலாரைக் குறித்த பழந்தமிழ் 'ஏதிலார்' என்பதனோடு உறவுடையது. இவ்விரண்டும் இன்மையையும் அயன்மையையும் சுட்ட, 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையோ உரிமையைச் சுட்டுகிறது. உயிருக்கோ விடுதலைக்கோ ஊறு நேரும் இடத்திற்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என்கிறது அதன் 33ஆம் பிரிவு. ஆபத்திலிருந்து நேரே வந்து, காலந்தாழ்த்தாது அதிகாரிகள்முன் தக்க காரணம் உரைக்கும் அகதியை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கலாகாது என்கிறது 31ஆம் பிரிவு.

எனவே, எல்லை கடந்தவரையெல்லாம் 'சட்டவிரோதக் குடியேறி' என்றெழுதும் மொழிபெயர்ப்பு, விசாரணைக்கு முன்பே தீர்ப்பளித்துவிடுகிறது. அயலகத் தொழிலாளர் குறித்து 1975இல் ஐ.நா. பொதுப்பேரவை பரிந்துரைத்தவை 'ஆவணமற்ற', 'ஒழுங்குமுறை சாராத' என்னும் பொருளுடைய அடைகளே. மலேசியாவும் சிங்கப்பூரும் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இணையவில்லை. ஆயினும், இச்சொல் வேறுபாட்டை மாணவர் கட்டுரைகளில் பேணச்செய்வது தமிழாசிரியர் கடன்.